மழையில் நிற்காத சக்கரமும் பத்து மீட்டர் சாதனையும்

கேள்வி இதுதான்: 1980-களில் வாங்கிய எஃகுச் சைக்கிள் ஒன்று வீட்டில் இருக்கிறது. பின்னால் ஐந்து பல்சக்கரம், முன்னால் இரண்டு, கியர் மாற்றும் நெம்புகோல்கள் சட்டத்தின் கீழ்க்குழாயில். கூட ஓட்டுகிறவர்கள், ரிம்மை விட்டுச் சக்கர நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கும் பன்னிரண்டு கியரும் கொண்ட கார்பன் வண்டிகளுக்கு மாறிவிட்டார்கள். புதியது உண்மையிலேயே மேலானதா, இல்லை வியாபாரக் கதையா?

மேலானதுதான். ஆனால் விளம்பரம் எந்தப் பாகத்தைக் காட்டி மேலானது என்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பாகத்தில் அல்ல. நெடுங்காலமாகச் சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டி வருகிறவன் நான். பழைய வண்டிகள்மேல் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டே எழுதுகிறேன்.

முதலில் வேகத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் புதிய வண்டி விற்பவர் முதலில் எடுப்பது அதைத்தான். ஒரு மணி நேரத்தில் தனியாளாக எவ்வளவு தூரம் ஓட்டுகிறார் என்று அளக்கும் சாதனை ஒன்று உண்டு. 1972-இல் மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் 49.431 கி.மீ. ஓட்டினார். உருண்டைக் குழாய்ச் சட்டம், வளைந்த ஹேண்டில்பார், கம்பி ஸ்போக்ஸ். உங்கள் வண்டியின் பணக்கார உறவினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1984-இல் பிரான்செஸ்கோ மோசர் ஸ்போக்ஸ் இல்லாத தட்டுச் சக்கரங்களோடு 51.151 கி.மீ. போனார். 1996-இல் கிறிஸ் போர்டுமன் இரு கைகளையும் முன்னால் முழுக்க நீட்டி, பறப்பவரைப் போல் கிடந்து ஓட்டியபோது 56.375 கி.மீ. வந்தது. இது வண்டிகளின் போட்டியாகிவிட்டது என்று கருதிய சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ., மெர்க்ஸ் ஓட்டியது போன்ற வண்டியில் செய்தால்தான் சாதனை என்று விதியை மாற்றியது. அதே போர்டுமன் 2000-இல் அந்த விதிப்படி ஓட்டினார். கிடைத்தது 49.441 கி.மீ. இருபத்தெட்டு ஆண்டுகளில் பத்து மீட்டர்.

இந்தக் கணக்கைக் காட்டி "பார்த்தீர்களா, எல்லாம் பம்மாத்து" என்று சொல்வது எளிது. அது நேர்மையல்ல. மெர்க்ஸுக்கு மெக்சிகோவின் உயரத்தில் மெலிந்த காற்று கைகொடுத்தது. போர்டுமன் கடல்மட்டத்தை ஒட்டிய மான்செஸ்டரில், ஓய்வுபெறும் தறுவாயில் ஓட்டினார். ஆனாலும் ஒரே மனிதருடைய இரண்டு எண்களுக்கு நடுவே கிட்டத்தட்ட 7 கி.மீ. இடைவெளி இருக்கிறதே, அதில் பெரும்பங்கு உடம்பு காற்றில் மறைந்துகொண்ட விதத்திலிருந்து வந்தது. சட்டமும் சக்கரமும் அதற்கு உதவின, அவ்வளவுதான். பிறகு விதி மீண்டும் தளர்ந்தது. 2022-இல் பிலிப்போ கன்னா, தடைசெய்யப்பட்ட அந்தப் பறக்கும் நிலை இல்லாமலே 56.792 கி.மீ. எட்டினார். ஆக, புதிய நுட்பம் வேலை செய்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். அது எந்த வேகத்தில் வேலை செய்கிறது என்பதுதான் நமக்குரிய கேள்வி.

காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. 20 கி.மீ. வேகத்திலிருந்து 40-க்குப் போனால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு திறன் கொட்ட வேண்டும். அந்த வேகத்தில் மணிக்கணக்கில் போகிறவருக்குத் துளிவடிவக் குழாயும் உள்ளே மறைத்த கேபிளும் பொருள் உள்ளவை. 18 கி.மீ. வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து போகிறவருக்கு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வது அதைவிடப் பயன்படும். எடையும் அப்படித்தான். ஒரு கிலோவை ஒரு மணி நேரத்தில் 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டிய திறன் 3 வாட்டுக்கும் குறைவு. அந்த வேகத்தில் மலையேறுவதே நல்ல பயிற்சி உள்ளவர்கள் செய்யும் காரியம். சமதரையில் ஒரு கிலோவின் சுமை ஏறக்குறைய ஒன்றுமில்லை. பந்தய வண்டிகள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று யு.சி.ஐ. 2000-இலிருந்தே வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பைத் தொடுவது இன்று பெரிய சாதனையே அல்ல என்பது வேறு கதை.

செயினைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உருளைச் சங்கிலியை ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கியது 1880-இல். இன்று நீங்கள் வாங்கும் பன்னிரண்டு கியர்ச் செயினிலும் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் அதே பழைய அரை அங்குலம், 12.7 மி.மீ. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1990-களின் கடைசியில் அளந்து பார்த்தபோது, நல்ல நிலைமையில் செயின் காலின் திறனில் 98.6 விழுக்காட்டைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மிச்சமிருப்பது 1.4. அதற்குள் யாரும் புரட்சி செய்ய முடியாது. மிதிப்பை எளிதாக்கும் புதிய கருவி என்று எதையாவது யாராவது காட்டினால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கேதான் உண்மையாக முன்னேறினோம்? என் பட்டியலில் முதலிடம் ரிம்முக்கு. பிரேக்குக்கு அல்ல, ரிம்முக்கு.

சிறுவயதில் குரோம் பூசிய எஃகு ரிம் வண்டியில் மழையோடு ஒரு சரிவில் இறங்கினேன். இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன். வண்டி, நான் ஏதோ ஆலோசனை சொன்னதைப் போலக் கேட்டுக்கொண்டு தன் பாட்டுக்குப் போயிற்று. கடைசியில் அதை நிறுத்தியவை என் செருப்பும் ஒரு வேலிப் புதரும். காரணம் எளியது. குரோம் கண்ணாடி போல வழவழப்பானது. நனைந்தால் அதற்கும் ரப்பர்க் கட்டைக்கும் நடுவில் நீர்ப்படலம் நின்றுவிடுகிறது. அதை அறிந்துதான் எஃகு ரிம்முக்கென்று தோல் முகம் வைத்த பிரேக் கட்டைகளை விற்றார்கள். அலுமினிய ரிம் வந்தபோது அந்தப் பயத்தில் பெரும்பகுதி போய்விட்டது. எடை குறைந்தது உபரி லாபம். எஃகு ரிம் ஓட்டுகிறவர் அலுமினிய ரிம்முக்கு மாறுவது, அலுமினிய ரிம் ஓட்டுகிறவர் டிஸ்க்குக்கு மாறுவதைவிடப் பெரிய தாவல் என்பது என் உறுதியான எண்ணம்.

டிஸ்க் பிரேக்கைக் குறை சொல்லவில்லை. காய்ந்த சாலையில் அது பெரிதாக எதையும் கூட்டுவதில்லை. ஏனென்றால் அங்கே எல்லையை வகுப்பது பிரேக் அல்ல. புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியைச் சற்றுத் தாண்டி வேகம் குறைந்தாலே பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி ஆளை முன்னால் கவிழ்க்கப் பார்க்கும். ஒழுங்காகச் சரிசெய்த ரிம் பிரேக்கே அந்த எல்லைவரை கொண்டுபோய்விடும். மழை, சேறு, சுமையோடு நீண்ட மலையிறக்கம் என்று வரும்போதுதான் டிஸ்க் தன் வேலையைக் காட்டுகிறது. ரிம் சூடேறி டியூப் வெடிக்கும் ஆபத்து இல்லை, கட்டை தேய்த்துத் தேய்த்து ரிம்மே மெலிந்துபோவதும் இல்லை, இரண்டு விரலால் நிறுத்தலாம். மாற்றாக என்ன கேட்கிறது? தட்டில் எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டால் பிரேக் கட்டை பாழ். தட்டு முடியளவு கோணினால் நாள் முழுக்க 'சிங்... சிங்...' என்று உரசும். எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்தால் தெருவோரத்தில் சரிசெய்ய முடியாது. சாலைப் பந்தயக்காரர்களே நீண்ட வாதத்துக்குப் பிறகு 2018-இல்தான் அதை முறைப்படி ஏற்றார்கள்.

டயர் விஷயம் வேடிக்கையானது, ஏனென்றால் அங்கே புதியது என்று வந்திருப்பது பழையதுதான். 1990-களில் பந்தயக்காரர்கள் 20 முதல் 23 மி.மீ. அகல டயரைக் கல்லாகும்வரை காற்றடித்து ஓட்டினார்கள். ஆய்வகத்தில் வழவழப்பான எஃகு உருளைமேல் சுழற்றிப் பார்த்தபோது, காற்றழுத்தம் ஏற ஏற உருளும் தடை குறைந்துகொண்டே போனது. அதனால் அந்த நம்பிக்கை. எஃகு உருளைமேல் யாரும் வேலைக்குப் போவதில்லை என்பதை யோசிக்க வெகுகாலம் ஆயிற்று. உண்மையான சாலையில் கல்லான டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. அந்தக் குலுக்கலில் உடம்பின் தசைகள் விழுங்குகிற ஆற்றல் நீங்கள் மிதித்துக் கொடுத்ததுதான். இன்று பந்தய வண்டிகளிலேயே 28 மி.மீ.யும் அதற்கு மேலும் சாதாரணம். ஆனால் பிரெஞ்சு நெடும்பயணக்காரர்கள் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்திலேயே 40 மி.மீ.யைத் தொடும் மெல்லிய சுவர் டயர்களில் மலை கடந்துகொண்டிருந்தார்கள். நடுவில் நாம் வழி தவறிப்போய்த் திரும்பி வந்திருக்கிறோம். பெட்டியில் 'புதுமை' என்று அச்சிட்டு விற்கிறார்கள்.

டியூப் இல்லாத டயர் பற்றி ஒரு வரி. முள் நிறைந்த பாதையில் அது வரம். ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் பால் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதால், எப்போதாவது ஓட்டுகிறவருக்கு வீண் தொல்லை.

விளக்கைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. எனக்கோ சாதாரண ஓட்டுநருக்கு இந்த நாற்பது ஆண்டுகளில் கிடைத்த மிகப் பெரிய கொடைகளில் அதுவும் ஒன்று என்று தோன்றுகிறது. பழைய டைனமோவின் கணக்கு 6 வோல்ட், 3 வாட், முன்விளக்குக்கு 2.4, பின்விளக்குக்கு 0.6. அதில் பெரும்பகுதியை இழை பல்பு வெப்பமாகவே வீணடித்தது. மெதுவாகப் போனால் மின்மினி, நின்றால் இருட்டு, சரிவில் விரைந்தால் பல்பே போய்விடும். மழையில் டயரோடு உரசும் உருளை வழுக்கும். இன்று அதே 3 வாட்டை எல்.இ.டி. வாங்கிக்கொண்டு சாலையில் குழியைக் காட்டுகிறது. நின்றபின்னும் சில நிமிடம் எரிகிறது. ஹப்புக்குள் அடங்கிய டைனமோ சுழல்வதே தெரிவதில்லை. பழையதற்காக வாதாடும் நண்பர்களில் ஒருவர்கூட இழை பல்புக்காக வாதாடி நான் கேட்டதில்லை.

கண்ணுக்குத் தெரியாத இன்னும் இரண்டு முன்னேற்றங்கள். பின்பல்சக்கரங்களைத் தாங்கும் பழைய பிரீவீல், ஹப்பின்மேல் திருகி நிற்கும். அதனால் வலப்பக்க பேரிங் உள்ளே ஒதுங்கிப்போய், அச்சின் ஒரு நீண்ட துண்டு தாங்கலே இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பல்சக்கரங்கள் ஐந்து, ஆறு, ஏழு என்று கூடக் கூட அந்தத் துண்டு நீண்டது, அச்சு வளைந்தது, ஒடிந்தது. சுழலும் பகுதியை ஹப்போடு சேர்த்து, பேரிங்கை வெளி ஓரத்துக்குத் தள்ளிய பிரீஹப் வந்தபின் ஒடிந்த அச்சைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. இன்னொன்று, மிதிகட்டையின் கையான கிராங்கை அச்சோடு பூட்டிய காட்டர் பின் ஒழிந்தது. சுத்தியலால் அடித்து ஏற்றி, கழற்றும்போது நசுங்கி, வெளியே வர மறுக்கும் அந்த ஆப்புக்கு என் வாழ்நாளில் எத்தனை மாலை வேளைகளைப் பலி கொடுத்திருக்கிறேன்! அதைப் பழங்கால எளிமை என்று யாராவது புகழ்ந்தால், அவர் ஒரு முறைகூடக் கழற்றியதில்லை என்று பொருள்.

கியருக்கு வருவோம். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரை செயினை இடம் மாற்றும் கருவிக்கு அனுமதியே இல்லை. சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுத்தான் மலையேறினார்கள். 1964-இல் சன்டூர் நிறுவனம் அந்தக் கருவிக்கு, பல்சக்கர அடுக்கின் சரிவுக்கு இணையாகவே நகரும் சாய்ந்த இணைகர வடிவத்தைக் கொண்டுவந்தது. அதன் காப்புரிமை முடிந்த 1984-இல் ஷிமானோ, ஒரு சொடுக்குக்கு ஒரு கியர் என்ற முறையைத் தன் உயர்தரத் தொகுதியில் தந்தது. 1990-இல் நெம்புகோல் பிரேக் பிடிக்குள் ஏறியது. கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்காமல் கியர் மாற்றலாம் என்பது, குண்டும் குழியுமான சாலையில் வசதி மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

அதற்குப் பின் நடந்தது பெரும்பாலும் எண்ணிக்கை கூட்டல். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், மிக இலகுவான கியருக்கும் மிகக் கடினமானதற்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். பின்னால் 14 முதல் 28 பல், முன்னால் 52-உம் 40-உம் என்று அந்தக் காலத்து வழக்கமான அமைப்பை எடுத்துக்கொண்டால் விகிதம் சுமார் 2.6 மடங்கு. முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் 10 முதல் 52 பல் என்ற இன்றைய மலைவண்டியில் 5.2 மடங்கு. முழங்காலில் வலி உள்ளவருக்கும் செங்குத்து ஏற்றத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவருக்கும் இது மெய்யான விடுதலை. ஆனால் ரோலாஃப் நிறுவனத்தின் பதினான்கு கியர் ஹப் 1998-லேயே 5.26 மடங்கு கொடுத்துவிட்டது, அதுவும் எல்லாவற்றையும் எண்ணெய்க்குள் மூடி வைத்து.

மின்சாரக் கியர்? 2009-இல் ஷிமானோ அதைச் சாலை வண்டிகளுக்கு நிலைபெறச் செய்தது. அருமையாக வேலை செய்கிறது. விரல்மூட்டு வாதம் உள்ள ஒருவர் அதனால் மீண்டும் ஓட்டத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் போய் அது ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மற்றவர்களுக்கு அது கைக்குச் சுகம், காலுக்கு ஒன்றுமில்லை. கேபிள் என்றால் அறுந்துபோவதற்கு முன் இறுகும், பிசிறும், எச்சரிக்கும். மின்கலம் தீரும்போது அத்தனை மரியாதை காட்டுவதில்லை.

இனி என் உண்மையான மனக்குறை. பழைய வண்டியின் மேன்மை எஃகிலோ கைவேலையிலோ இல்லை; பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியதில் இருந்தது. கீழ்க்குழாயில் இருக்கும் உங்கள் நெம்புகோல் எந்த நிறுவனத்தின் ஐந்து, ஆறு, ஏழு கியரையும் இழுக்கும். சொடுக்கு முறை வந்த நாளிலிருந்தே ஒவ்வொரு நிறுவனமும் ஒரு சொடுக்குக்கு இத்தனை மி.மீ. கேபிள் என்று தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டது. கிராங்க் அச்சு உட்காரும் கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுங்காலம் மரை வெட்டிய கூடு ஒன்றே பெரும்பாலான வண்டிகளுக்குப் போதுமாக இருந்தது. 2000-க்குப் பின் மரையே இல்லாமல் பேரிங்கை அழுத்திச் செருகும் முறை பரவியது. சட்டம் செய்பவருக்கு அது மலிவு, எடையும் குறைவு. துளையின் அளவு இம்மி பிசகினாலும் மிதிக்கு ஒரு முறை 'கிறீச்' என்று முனகும். அளவுகளோ ஒன்றல்ல, ஏழெட்டு. ஒருமுறை ஒரு வண்டியின் முனகலை நிறுத்த மூன்று நாள் அலைந்திருக்கிறேன். நான்காம் நாள் பார்த்தால் பேரிங்கில் குறையே இல்லை, துளைதான் முட்டை வடிவம். இப்போது பல உற்பத்தியாளர்கள் மெல்ல மரைக்கே திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள், சற்றே பெரிய விட்டத்தில். அவர்களை வரவேற்கிறேன், நடுவில் போன இருபது ஆண்டுகளுக்குக் கணக்குக் கேட்காமல்.

"அந்தக் காலத்து வண்டி உழைக்கும்" என்ற பேச்சுக்கும் ஒரு திருத்தம் தேவை. உழைக்காதவை எல்லாம் பழைய இரும்புக்குப் போய் உருகிவிட்டன. மிச்சமிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ்கிறோம். மலிவான அன்றைய வண்டி தடித்த சாதாரண எஃகில் ஆனது, கனமானது, வெல்டிங்கில் விரிசல் விட்டதும் உண்டு. எஃகுக்கு இருக்கும் மெய்யான நன்மை, அது வளைந்தால் நிமிர்த்தலாம், ஒடிந்தால் ஒட்டலாம், பின்கவையைச் சில மி.மீ. அகட்டிப் புதிய ஹப்பை உட்கார வைக்கலாம். கார்பனையும் பழுதுபார்க்கிறார்கள், ஆனால் அதற்குத் தனித் தேர்ச்சி வேண்டும். உள்ளே விழுந்த விரிசல் வெளியே தெரியாமலும் இருக்கும். எஃகுச் சட்டம் குலுக்கலை விழுங்கும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். அந்தச் சுகத்தில் பெரும்பங்கு டயருடையது.

உங்கள் வண்டியை விற்க வேண்டாம் என்பதே என் யோசனை, நாற்பது கி.மீ. வேகத்தில் கூட்டமாக ஓட்டுவது உங்கள் நோக்கமாக இல்லாதவரை. காந்தத்தை ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு, முதலில் அதை மாற்றுங்கள். இப்போதிருப்பது 27 அங்குலச் சக்கரமாக இருந்தால் 700சி என்ற அளவிலான அலுமினியச் சக்கரம் போடலாம். ரிம்மின் ஆரம் 4 மி.மீ. மட்டுமே குறைகிறது, பிரேக் கட்டையை அவ்வளவு கீழே இறக்க இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். இருந்தால் சட்டத்துக்குள் அகலமான டயருக்கும் வழி பிறக்கும். பிறகு நல்ல பிரேக் கட்டை, எல்.இ.டி. விளக்கு. ஏற்றத்தில் கால் தவித்தால் முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தை, கிராங்க் இடம் கொடுக்கும் அளவுக்கு, இன்னும் சிறியதாக்குங்கள். கீழ்க்குழாய் நெம்புகோலைத் தொட வேண்டாம்.

கிராங்க் கூட்டைப் பிரித்துக் கிரீஸ் வைக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் செயின் இருக்கும் வலப்பக்கக் கப் எதிர்மரை. அதைக் கழற்றக் கடிகார முள் போகும் திசையில் திருப்ப வேண்டும். இத்தாலிய மரை, பழைய பிரெஞ்சு மரை என்றால் இரண்டு பக்கமும் வழக்கமான மரைதான். எது என்று தெரியாமல் நீண்ட ஸ்பானரைப் போட்டு இறுக்கிவிட்டு, "கழறவே மாட்டேன் என்கிறது" என்று என்னிடம் வந்தவர்கள் பலர்.